இடம் இல்லையா தம்பி?

(நமது சங்கத்தின் மறுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு பாடகருக்கு அட்டைப்படமும் விளம்பரமும் எப்படிச் செய்கிறார்கள் என்று பேசச் சொன்னார் செயலாளர். அடியேனுக்குத் தெரிந்ததே அது ஒன்றுதான்.

டிகிரி முடித்ததும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் ஒரு யூனிட்டில் சேர்ந்தேன். பகலெல்லாம் பெட்டி. ராத்திரியில் கேசட் இன்லே கார்டு, வால்போஸ்டர், பிட் நோட்டீஸ். அப்போது கம்ப்யூட்டர் நம்ம பக்கம் வரவில்லை. போட்டோவை வெட்டி ஒட்டி, எழுத்தைக் கையால் வரைந்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, சென்னையில் நாலு கலருக்கு நாலு நெகட்டிவ் எடுப்போம். ஒரு பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் அம்மனுக்கு இரண்டு மூக்கு வந்துவிடும்!

போஸ்டரை பஸ்ஸில் போகிறவர் பார்ப்பார், அதற்கு ஒரு முகமும் ஒரு பெயரும் போதும். கேசட் அட்டை அப்படியில்லை. முன்பக்கம் நாலு இஞ்ச் உயரம், இரண்டரை இஞ்ச் அகலம். வாங்கினவர் அதைக் கையில் வைத்து மடிப்பைப் பிரித்து, எழுத்துக் கூட்டிப் படிப்பார். பழைய பன்னிரண்டு இஞ்ச் இசைத்தட்டின் பின்னட்டையில் வயலின் யார், மிருதங்கம் யார் என்று தாராளமாக அச்சடித்திருப்பார்கள். கேசட்டில் அந்த இடம் சுருங்கியது. யாரை வைப்பது, யாரை விடுவது என்ற வேலை என்னைப் போன்ற ஆர்ட்டிஸ்ட் கையில் வந்து விழுந்தது.

1994-இல் ஆடி மாதத்துக்காக ஓர் அம்மன் பாட்டு கேசட். பாடியவர் உள்ளூர்க்காரர். பறையும் பம்பையும் அடித்தவர்கள் நாலு பேர். கேசட்டே அவர்கள் அடியில்தான் நின்றது. பணம் போட்டவரின் போட்டோ, பாடகர், பாட்டு எழுதியவர், ஸ்டுடியோ, எல்லாம் வைத்தேன். மடிப்பில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரமும் வந்து சேர்ந்தது. இடம் பத்தவில்லை. அந்த நாலு பெயரையும் எடுத்துவிட்டேன். எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நானேதான் எடுத்தேன்.

பத்து நாள் கழித்து திருவள்ளூர் தேரடிப் பக்கம் ஒரு கேசட் கடையில் நிற்கிறேன். பறை அடித்தவர் மகளோடு வந்தார். காசு கொடுத்து ஒரு கேசட் வாங்கி, பிரித்து, அஞ்சாம் வகுப்பு படிக்கிற அந்தப் பிள்ளையிடம் கொடுத்து, "அப்பா பேரு எங்க இருக்கு, படி" என்றார். அது மேலிருந்து கீழே படித்தது. மறுபடியும் படித்தது. அவர் என்னைப் பார்த்து, "இடம் இல்லையா தம்பி?" என்றார். "ஆமாண்ணே" என்றேன். ஜவுளிக்கடை விளம்பரத்தை விரலால் ஒரு தடவை தடவிவிட்டு கேசட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். திட்டியிருந்தால் தேவலை.

இது கேசட் காலத்துக் கதை என்று நினைக்காதீர்கள். திருவள்ளூர் ஸ்டேஷனில் வண்டி ஏறினால் கொஞ்ச நேரத்தில் அரக்கோணம். அந்த ஊர்க்காரர் அறிவு. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'க்கு வரிகள் எழுதி, தீயோடு சேர்ந்து பாடியவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை அதில் வைத்தவர். அதே ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அந்தப் பாட்டையும் 'நீயே ஒளி'யையும் சொல்லி அட்டை போட்டது. அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். இரண்டு பாட்டிலும் எழுத்தில் பங்குள்ள அறிவு இல்லை. நம்ம மாவட்டத்துக்காரரான இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகு, அறிவை வைத்து ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. முதலில் அச்சில் இடம் பிடித்ததும் பிறகு வந்து சேர்ந்ததும் ஒன்றல்ல என்று தொழில்காரனுக்குத் தெரியும்.

அதே ரஞ்சித் முன்னின்று தொடங்கிய 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது. பத்தொன்பது பேர். கானா பாடுகிறவர், பறை அடிக்கிறவர், கிடார் வாசிக்கிறவர் எல்லாருக்கும் சாம்பல் நிற கோட்டு. போட்டோவில் யார் முன்னால், யார் பின்னால் என்று கண் தேடாது. லட்ச ரூபாய் லேஅவுட்டை விட அந்தத் துணி நல்ல டிசைன் என்பேன்.

இப்போது பிள்ளைகள் 3000-க்கு 3000 பிக்சல் சதுரத்தில் செய்கிறார்கள். போனில் அது தபால்தலை அளவுதான் தெரியும். பெயர்கள் அட்டையை விட்டு எங்கோ உள்ளே போய்விட்டன, யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. வரைய உட்காரும் முன் பெயர்ப் பட்டியலை வாங்குங்கள். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு எழுத்தைச் சரிபாருங்கள். படம் அப்புறம்.

2023-இல் அந்தப் பழைய கேசட்டை நெட்டில் ஏற்றப்போவதாகப் பாடகரின் மகன் வந்தார். சதுர அட்டை வேண்டும் என்றார். பறை அடித்தவர் உயிரோடு இல்லை. மகள் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். தேடிப் போய் நாலு பெயரையும் கேட்டு வாங்கி, முன்பக்கத்திலேயே வைத்து, புரூஃபைக் காட்டினேன். அன்றைக்கு மாதிரியே மேலிருந்து கீழே படித்தார்.

"அப்பா இனிஷியல் விட்டுட்டீங்க சார்" என்றார்.

போட்டுக் கொடுத்தேன்.