கலைக்கு இட்ட நிவந்தம்



கோயில் எடுப்பித்த மன்னர் கலையையும் புரந்தனர். தஞ்சை இராசராசேச்சுரத்துக் கல்வெட்டுகளே இதற்குச் சான்று. கி.பி. 1014-ஐ ஒட்டிய சாசனத்தின்படி, முதலாம் இராசராசன் பல ஊர்த் தளிகளினின்றும் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொணர்ந்து குடியமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் ஒரு மனையும், ஆண்டுக்கு 100 கலம் நெல் கொண்ட ஒரு பங்கும் அளித்தான். திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் 48 பேருக்கும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் முழக்குவார் இருவருக்கும் நாள்தோறும் தலைக்கு முக்குறுணி நெல் விதித்தான்.

கொடையினும் சிறந்தது அதன் ஒழுங்கு. பங்குடையார் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ, அடுத்த முறையினர் அக்காணி பெற்றுப் பணி செய்தல் வேண்டும். அவர் தகுதியற்றவராயின், தக்காரைக் கொண்டு செய்வித்தல் வேண்டும். உறவும் போற்றப்பட்டது, கலையும் குன்றவில்லை. ஒருநாட் பரிசன்று, வாழ்நாட் சீவிதமே கலையைக் காக்கும் என்பதை அவ்வரசு உணர்ந்திருந்தது.

1955-இல் சென்னை மாநிலத்தில் அமைந்த சங்கீத நாடக சங்கம், பின்னர்த் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றமாயிற்று. அரசு தன் கடன் ஆற்றுக! ஆயினும், நடை திறக்கையில் பதிகம் பாடும் ஓதுவார்க்கும் மங்கலவிசை முழக்கும் நாகசுரக் கலைஞர்க்கும் படியளத்தல் அடியார்தம் கடனுமாகும். கோபுரத்திற்குப் பொருள் ஈந்த கைகள் அவர்க்கும் ஒரு நிவந்தம் வைப்பின், குடமுழுக்கின் பயன் நிறைவெய்தும்.

திருச்சிற்றம்பலம்.