கண்ணாடித் தளத்துக்குக் கீழே ஆதிச்சநல்லூர்

பழஞ்சின்னம் கிடைத்த இடத்திலேயே புதுக் கட்டடம் எழுப்புவது எல்லா இடத்துக்கும் தேவைப்படுவதில்லை. வெம்பாக்கம் வட்டத்து மாமண்டூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் குடைவரைகள் சுமார் 1,400 ஆண்டுகளாக வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கின்றன. குன்றே அவற்றுக்குக் கூரை. மண்ணுக்குள் கிடந்த தாழிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தோண்டிய குழியை அப்படியே விட்டால், ஒரு மழைக்காலத்திலேயே சுவர் சரிந்துவிடும். அதற்குக் கண்ட வழிதான் ஆதிச்சநல்லூரின் கண்ணாடித் தளம்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில், ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே, தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது இந்தப் பரம்பு. பரப்பு 114 ஏக்கர். இரும்புக்கால மக்கள் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம் இது. கடினமான பாறைத் தரையையும் குழித்துத் தாழிகளை இறக்கியிருக்கிறார்கள். 1876இல் ஜெர்மானியரான யாகோரும், பின்னர் அலெக்சாண்டர் ரியாவும், 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறையும் இங்கே அகழ்ந்தனர். அண்மை அகழாய்வில் திறந்த குழிகளில் சில மீண்டும் மூடப்படவில்லை. அவற்றின் மேல் கூரையும் கண்ணாடித் தளமும் அமைத்து, 2023 ஆகஸ்ட் 5 அன்று தள அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

கண்ணாடியில் நின்று குனிந்தால் காலுக்கு நேர் கீழே தாழிகள் தெரிகின்றன. வாய் உடைந்தவை உண்டு; மண் இறுக்கி ஓடு நொறுங்கியவையும் உண்டு. பெயர்த்து எடுத்திருந்தால் ஒரு தாழி கிடைத்திருக்கும், அதை இறக்கிய குழியும் பக்கத்துத் தாழிக்கும் அதற்கும் உள்ள இடைவெளியும் போயிருக்கும். ஆய்வாளருக்குப் பாதிச் செய்தி அந்த இடைவெளியில்தான்.

இவ்வகைக் கட்டடத்தில் முதல் கட்டுப்பாடு தூண்தான். பாரம் சின்னத்தின் மேல் இறங்கக் கூடாது. 2009இல் திறந்த ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம் பழைய குடியிருப்பின் இடிபாடுகளுக்கு மேல் நிற்கிறது. அங்கே இடிபாட்டைப் பார்த்துத்தான் தூண்களுக்கு இடம் குறித்தார்கள். இரண்டாவது தொல்லை ஈரம். காற்றோட்டம் குறைந்தால் கண்ணாடியின் அடியில் நீர் கோக்கும், குழியில் பாசி பிடிக்கும். கட்டி முடித்ததோடு வேலை தீராது. பராமரிப்பு நின்றால் மூடியே கேடாகிவிடும்.

கீழடியில் 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீட்டு அமைப்பில், அகழ்ந்தெடுத்த பொருள்களுக்கென்று கட்டியது. பொருளைப் பார்க்க அது நல்ல இடம். புதைத்த முறையைப் பார்க்க ஆதிச்சநல்லூர்தான். ஆனால் ரியா எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களையும் வெண்கலப் பொருள்களையும் இங்கே தேட வேண்டாம். அவற்றைப் பார்க்கச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.