வீடே வண்டியானால்...
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



அமெரிக்காவில் மோட்டார் ஹோம் என்று ஒரு வண்டி உண்டு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். நெப்ராஸ்கா, வயோமிங் சமவெளிகளைத் தாண்டி ராக்கி மலைவரை அதில் ஊர் சுற்றிப் பார்ப்பது அங்கே பலருக்கு ஆசை.

ஆனா, வேற வழியில்லாம வண்டியில குடியேறினவங்களும் இருக்காங்க. 2008 பொருளாதார நெருக்கடியில் பலருக்கு வீடு போச்சு, சேமிப்பும் கரைஞ்சுது. கையில் வரும் ஓய்வூதியம் வாடகைக்கே பத்தல. அறுபது வயது தாண்டிய பெண்கள்கூட பழைய வேனையே வீடாக்கிக்கொண்டார்கள். கோடையில் மலை முகாம்களில் கழிப்பறை கழுவும் வேலை. அது முடிந்தால் வடக்கு டகோட்டா பக்கம் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு அறுவடை. குளிர்காலத்துக்கு அரிசோனா பாலைவனம். அங்கே ஒன்றுகூடி, சாப்பாட்டையும் அனுபவத்தையும் பகிர்ந்துகொள்கிறார்கள்.

ஜெசிகா புரூடர் என்ற பத்திரிகையாளர் இவர்களோடு பழகி, 2017-ல் 'நோமேட்லேண்ட்' என்ற புத்தகம் எழுதினார். அதை வைத்து எடுத்த படம் 2021-ல் ஆஸ்கார் விருது பெற்றது.

இவங்க சோம்பேறிங்க இல்லை. ஆயுசு முழுக்க உழைச்சவங்க. உழைப்பு மட்டும் முதுமைக்குக் காவல் இல்லை என்பதுதான் இதில் பாடம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் சொல்லுங்கள்: வீடு யார் பேரில் இருக்கு? உங்க வயசான காலத்துக்குன்னு தனியா என்ன சேர்த்திருக்கீங்க?