மேற்கு வீதியில் ஒரு மேளச்சமா



கோயில் திருவிழாவிலே நாதசுரமும் தவிலும் சேர்ந்து வழங்கும் இசையை யாழ்ப்பாணத்தார் மேளக்கச்சேரி என்பர். மேளச்சமா என்று சொல்லுவதும் உண்டு. மண்டபத்தில் நடைபெறும் வாய்ப்பாட்டுக் கச்சேரிக்கு நேர எல்லை உண்டு, நிகழ்ச்சி நிரல் உண்டு. வீதியில் நடைபெறும் மேளச்சமாவுக்கோ இவ்விரண்டும் இல்லை. மல்லாரி முழங்கச் சுவாமி வெளிவீதிக்கு எழுந்தருளும். கிழக்கு வீதியும் தெற்கு வீதியும் விரைவிலே கடந்துவிடும். மேற்கு வீதிக்கோ வடக்கு வீதிக்கோ வந்ததும் சுவாமியை நிறுத்திவைப்பர். வித்துவான்களைச் சூழ்ந்து சனங்கள் மணலில் அமர்ந்துவிடுவர். அதன் பின்னர் இரவு எவ்வளவு நீளும் என்பதை வாசிப்பவரும் கேட்பவருமாகச் சேர்ந்தே தீர்மானிப்பர்.

நாதசுர வித்துவான் இராகத்தை விரிக்கும்போது அடுத்த பிடி எதுவென்பது அவருக்கே அந்தக் கணத்தில்தான் தெரியவரும். கூட்டத்திலிருந்து "ஆகா" என்று ஒரு குரல் எழுந்தால் இன்னும் ஒரு சுற்று வாசிப்பார். கூட்டம் அசையாதிருந்தால் சுருக்கிக்கொள்வார். மறுநாள் அதே இராகத்தை அதே கலைஞர் எடுத்தாலும் அது வேறொன்றாகவே அமையும். அமெரிக்காவிலே 1965இல் தோன்றிய கிரேட்புல் டெட் என்னும் இசைக்குழுவும் ஒரே பாட்டை ஒவ்வோர் இரவும் வெவ்வேறு விதமாக விரித்து வாசித்துப் பெயர் பெற்றது. இரசிகர்கள் தாமே ஒலிப்பதிவு செய்துகொள்வதற்கென 1984 முதல் அக்குழுவினர் தனியிடமே ஒதுக்கிக் கொடுத்தனர். யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒலிநாடா சுழன்ற இரவுகள் மிகச் சில. மற்றவை கேட்டவரின் நினைவோடு நின்றுவிட்டன.

அத்தகைய நினைவுகளில் அடிக்கடி எழுந்துவரும் பெயர் தவில் மேதை தெட்சணாமூர்த்தி என்பது. இவர் 1933இல் பிறந்தார். தந்தையார் விசுவலிங்கமும் தவில் வித்துவானே. நாச்சியார்கோயில் இராகவபிள்ளையிடமும் பயின்றார். அளவெட்டியை இருப்பிடமாகக் கொண்டு, அவ்வூர் நாதசுர வித்துவான் என்.கே. பத்மநாதன் முதலியோருக்கு வாசித்தார். தமிழ்நாட்டிலும் பெரும்புகழ் ஈட்டினார். 1975இல் மறைந்தபோது அவருக்கு வயது நாற்பத்தொன்றே.

சிவசம்புப் புலவரால் பெயர்பெற்ற உடுப்பிட்டியிலே, இப்போது எழுபதைக் கடந்துவிட்ட ஓர் இரசிகர் இருக்கிறார். தெட்சணாமூர்த்தியின் தவிலை முதன்முதலாகக் கேட்ட இரவைப்பற்றி அவர் சொல்லுவது வேறு எவரும் சொல்லாத ஒரு விதமாக இருக்கும். ஏனெனில் அவர் அன்று தவிலைக் கேட்டாரேயன்றிக் காணவில்லை.

அது 1960களின் தொடக்கம். அவருக்குப் பத்து வயதிருக்கும். வடமராட்சியில் ஒரு கோயில் திருவிழா. சாதியின் பெயரால் கோயிலுக்குள் விடப்படாத குடும்பங்களுள் அவருடைய குடும்பமும் ஒன்று. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. ஆனால் அது கொழும்பிலிருந்து கோயில் வாசலை வந்தடையப் பல ஆண்டுகள் சென்றன. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே 1968இற்கூட இதற்காகப் போராட வேண்டியிருந்ததை அறியாதவர் இல்லை. ஆகவே சிறுவனும் அவனுடைய அப்புவும் வெளிவீதிக்கும் அப்பால், பனைவடலிகளின் ஓரத்தில் அமர்ந்திருந்தனர். அங்கிருந்து பார்த்தால் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சமும் அதன் முன்னே அடர்ந்து நின்ற முதுகுகளுமே தெரிந்தன.

அப்பு தாளம் அறிந்தவர். எங்கே கற்றார் என்று கேட்க அக்காலத்தில் எவருக்கும் தோன்றவில்லை. பேரனின் வலக்கையைத் தன் கையிலே பிடித்து, ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையையும் அவன் தொடையிலே போட வைத்தார். "தாளத்தை விடாதை, மோனை" என்பது ஒன்றே அன்றிரவு அவர் சொன்ன உபதேசம்.

நாதசுரம் ஓய்ந்தது, தவில்கள் இரண்டும் தனியே பேசத் தொடங்கின. பலாமரத்தைக் குடைந்து செய்யும் இக்கருவியின் வலந்தலையிலே கூடு மாட்டிய விரல்களும், மறுதலையிலே குச்சியும் விழும். ஒருவர் வாசித்ததற்கு மற்றவர் மறுமொழி வாசிப்பார். பின்னர் குறைப்பு வரும். எட்டு எண்ணிக்கைக்கு வாசித்தது நாலாகும், நாலு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும்; இரு தவில்களும் ஒன்றின் வாயிலிருந்து மற்றொன்று சொல்லைப் பறிப்பதுபோலத் தோன்றும். முடிவிலே ஒரு கோர்வையை மூன்று முறை வாசித்து, பல்லவி எடுத்த இடத்திலே வந்து சேர வேண்டும்.

அன்றைய பல்லவி தாளம் தொடங்கி அரை எண்ணிக்கை தள்ளி எடுக்கப்பட்டது. கோர்வையின் மூன்றாம் சுற்று முடியும் வேளையில், வெளிச்சத்தைச் சூழ்ந்திருந்த கூட்டத்திலிருந்து "ஆகா" என்ற ஆரவாரம் எழுந்தது. தெட்சணாமூர்த்தி இன்னும் முடிக்கவில்லை. சமத்திலே அடி விழுமென்று எண்ணியவர்கள் முந்திக்கொண்டார்கள். தவில் அந்த இடத்தை வெறுமையாக விட்டது. அரை எண்ணிக்கை கழிந்து அடி விழுந்தபோது, வடலியோரத்திலே அப்புவின் கை பேரனின் தொடையில் அதே கணத்தில் விழுந்தது. கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அவ்வாறு சிரித்ததைப் பேரன் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

பின்னாளில் அவர் தெட்சணாமூர்த்தியின் வாசிப்பைக் கிட்ட இருந்தும் கேட்டார். அந்த விரல்களின் வேகத்தையும் கண்ணாரக் கண்டார். அப்பு அதற்கு முன்னரே காலமாகிவிட்டார். அம்ஷன் குமார் இயக்கி 2015இல் வெளிவந்து இந்தியத் தேசிய விருது பெற்ற யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி ஆவணப்படத்தை மக்கள் காட்டியபோது முழுவதும் பார்த்தார். நல்ல படம் என்றார். படத்தின் ஒலிப்பதிவுகளைக் கேட்டபோது மட்டும் கண்களை மூடிக்கொண்டார்.

அன்று நாதசுரம் வாசித்தவர் யார், இராகம் எது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. மேசையிலே அந்தக் கோர்வையைத் தட்டிக் காட்டுமாறு இளைஞர்கள் வற்புறுத்துவதுண்டு. இரண்டு சுற்றுத் தட்டுவார். மூன்றாவதன் முடிவிலே கையைத் தூக்கியபடி நிறுத்திவிட்டு, கேட்டுக்கொண்டிருப்பவர்களில் எவர் முந்திக்கொண்டு தலையசைக்கிறார் என்று பார்ப்பார்.