கலயெத் என்னும் கற்குவியல்



பல வருடங்களுக்கு முன் ஒரு சகோதரி என்னிடம் அழுதுகொண்டு வந்தார். "வீட்டில் அடி இல்லை அக்கா. ஆனால் நடந்ததைச் சொன்னால் அப்படி நடக்கவே இல்லை என்கிறார். எல்லாம் என் பிழைதான் என்கிறார். இப்ப எனக்கே என்னில நம்பிக்கை இல்லை" என்றார். "ஜெபம் பண்ணுங்கோ, பொறுத்துப் போங்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதிலுக்காக இன்று வெட்கப்படுகிறேன்.

ஆதியாகமம் 29 முதல் 31 வரை வாசித்துப் பாருங்கள். லாபான் தன் மருமகன் யாக்கோபைக் கட்டித்தழுவி, முத்தமிட்டு வரவேற்றான். ராகேலுக்காக ஏழு வருடம் உழைத்தவனுக்கு லேயாளைக் கொடுத்தான். கேட்டபோது, எங்கள் ஊர் வழக்கம் இதுதான் என்றான். சம்பளத்தைப் பத்து முறை மாற்றினான். இருபது வருடத்துக்குப் பின் யாக்கோபு சொல்லாமல் புறப்பட்டதும், துரத்திப் பிடித்தான். பாட்டோடும் மேளத்தோடும் சந்தோஷமாக அனுப்பியிருப்பேனே, பிள்ளைகளை முத்தமிடவும் விடவில்லையே என்று முறையிட்டான். பாருங்கள், ஏமாற்றியவனே இப்போது முறைப்பாட்டுக்காரன்!

யாக்கோபும் முன்பு தன் தகப்பனை ஏமாற்றியவன்தான். அதற்காக லாபான் செய்தது நியாயமாகிவிடாது. காயப்பட்டவரிடம் போய், "நீயும் ஏதோ செய்திருப்பாய்" என்று நாம் சொல்லக் கூடாது.

யாக்கோபு எப்படி மீண்டான்? முதலில், ராகேலையும் லேயாளையும் வயல்வெளிக்கு அழைத்து, நடந்ததை மனம்விட்டுப் பேசினான். தங்கள் தகப்பன் தங்களையும் விற்றுப்போட்டான் என்று அவர்களும் சொன்னார்கள். தனக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை என்று அறிவதே பாதி ஆறுதல்.

இரண்டாவது, பகல் வெயிலையும் இரவுக் குளிரையும் தூக்கமில்லாத நாட்களையும் லாபானின் முகத்துக்கு முன்னே எண்ணிச் சொன்னான். உங்களுக்கு நடந்ததை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். குழப்பம் வரும் நாளில் எடுத்து வாசியுங்கள்.

மூன்றாவது, கீலேயாத் மலையில் கற்களைக் குவித்து, அதற்குக் கலயெத் என்று பெயரிட்டான். தீங்கு செய்யும்படி இதைத் தாண்டி நீயும் வராதே, நானும் வரமாட்டேன் என்பதே உடன்படிக்கை. அந்த இடத்துக்கு மிஸ்பா என்றும் பெயர். காதலர் பதக்கங்களில் இந்தப் பெயரைப் பொறிப்பார்கள். ஆனால் அது ஒருவரையொருவர் நம்பாத இரண்டு பேர் போட்ட எல்லை. அங்கே அவர்கள் சேர்ந்து சாப்பிட்டார்கள். பிறகு அவரவர் வழியே போனார்கள். மன்னிப்பது வேறு, திரும்பப் போய் அதே வீட்டில் இருப்பது வேறு.

அடி இல்லையென்றால் கொடுமை இல்லை என்று நினைக்காதீர்கள். 2021 மார்ச் 1 முதல் கனடாவின் விவாகரத்துச் சட்டமே, மனரீதியான கொடுமையையும் ஒருவரை அடக்கிக் கட்டுப்படுத்தி வைப்பதையும் குடும்ப வன்முறை என்கிறது. உதவி நிலையங்களை அறிய 211ஐ அழைக்கலாம். ஆபத்தென்றால் உடனே 911.

பிள்ளைகளே, "இதை அம்மாவிடம் சொன்னால் உன்னோடு கதைக்க மாட்டேன்" என்று யாராவது சொன்னால், அதைத்தான் முதலில் அம்மாவிடம் சொல்லவேண்டும். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். கிட்ஸ் ஹெல்ப் போன் இலக்கம் 1-800-668-6868.

விட்டு வந்த பிறகும் யாக்கோபுக்குப் பயம் போகவில்லை. யாப்போக்கு ஆற்றங்கரையில் விடியும்வரை போராடி, நொண்டிக்கொண்டுதான் நடந்தான். ஆனால் சூரியன் அவன்மேல் உதித்தது. உங்களுக்கும் நாள் எடுக்கும். நல்ல நாளும் வரும், அழுகிற நாளும் வரும்.

மார்க்கமில் நம் சபைக்கு இது இன்னுமொரு ஆண்டு நிறைவு. இனி யாராவது அழுதுகொண்டு வந்தால், "பொறுத்துப் போங்கோ" என்று அனுப்பிவிடாமல், "இருங்கோ, சொல்லுங்கோ, நான் நம்புறன்" என்று சொல்வோம். கர்த்தர் நம்மைக் காப்பாராக. ஆமென்.