நடுவானில் மயக்கம் வந்தால்



1995ஆம் ஆண்டு மே மாதம், ஹாங்காங்கிலிருந்து லண்டன் புறப்பட்ட விமானத்தில் ஒரு பெண் ஏறினார். விமான நிலையத்துக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்திருந்தார். கையில்தான் அடி என்று நினைத்தார்கள். மேலே போன பிறகு நெஞ்சு வலித்தது, மூச்சு திணறியது. விலா எலும்பு முறிந்து, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்து அதை நசுக்கிக்கொண்டிருந்தது. பயணிகளில் ஒருவர் ஆங்கஸ் வாலஸ், நாட்டிங்காமைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சைப் பேராசிரியர். சட்டை மாட்டும் கம்பியை நிமிர்த்தி, பிராந்தியில் கழுவி, சிறுநீர் வடிக்கும் மருத்துவக் குழாய்க்குள் செருகி, அந்தக் குழாயை நெஞ்சுக்குள் இறக்கினார். உடனிருந்த இன்னொரு மருத்துவர் துணைநின்றார். குழாயின் மறுமுனை தண்ணீர் பாட்டிலுக்குள். அடைபட்ட காற்று குமிழ் குமிழாக வெளியேற, அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார்.

அபாரமான கதைதான். ஆனால் எனக்கு இதில் உறைப்பது வேறொன்று. விழுந்த அடியோடு விமானம் ஏறாமல் மருத்துவமனைக்குப் போயிருந்தால், அந்தக் கம்பிக்கு வேலையே இருந்திருக்காது.

நம் ஆட்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. முந்தின நாளே நெஞ்சு கரித்திருக்கும். சொன்னால் ஏற்ற மாட்டார்களோ, டிக்கெட் பணம் போய்விடுமோ என்று வாயைத் திறக்க மாட்டார்கள். மேலே போனால் உடம்பு பொறுத்துக்கொள்ளாது. விமானத்துக்குள் காற்றழுத்தம், கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குத்தான் வைக்கப்படுகிறது. ஊட்டியின் உயரம் ஏறக்குறைய 7,350 அடி. சென்னையில் ஏறி உட்கார்ந்தவர் அரை மணி நேரத்தில் ஊட்டிக் காற்றைச் சுவாசிக்கிறார், குளிரும் யூகலிப்டஸ் வாசனையும் இல்லாமல். திடமானவருக்கு ஒன்றும் தெரியாது. இதயமோ நுரையீரலோ தளர்ந்தவருக்கு ஆக்சிஜன் குறைவது உடனே தெரியும்.

2013இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஏறக்குறைய 600 விமானப் பயணங்களுக்கு ஒன்றில் மருத்துவ அவசரம் வருகிறது என்றது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மயக்கம், அல்லது மயக்கம் வரும்போல இருப்பது. நூற்றுக்கு ஏழு பேருக்காகத்தான் விமானத்தையே திருப்பியிருக்கிறார்கள்.

ஆகவே மயக்கத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், தூக்கம் கெட்டு, நெடுநேரம் உட்கார்ந்திருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். அப்போது பலரும் செய்வது கழிப்பறைக்கு ஓடுவது. அதைச் செய்யாதீர்கள். உள்ளே தாழிட்டுக்கொண்டு விழுந்தால் யாருக்கும் தெரியாது. இருந்த இடத்திலேயே உட்கார்ந்து பணிப்பெண்ணைக் கூப்பிடும் பொத்தானை அழுத்துங்கள். பக்கத்தில் இருப்பவர் மயங்கினால் தூக்கி நிறுத்தாதீர்கள், முகத்தில் தண்ணீர் அடிக்காதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சு சரியாக இருந்தால் படுக்க வைத்துக் கால்களை உயர்த்தினாலே பெரும்பாலோர் சில நிமிடங்களில் கண் திறப்பார்கள். ஆக்சிஜன் வேண்டுமா என்று ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால் கதை வேறு. அவரை இருக்கையிலிருந்து இறக்கித் தரையில் கிடத்தி, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தைச் சீராக்கும் கருவி பல விமானங்களில் இருக்கிறது; அது பேசியே வழிகாட்டும். ஊழியர்கள் இதற்குப் பயிற்சி பெற்றவர்கள். தரையிலிருக்கும் மருத்துவரிடம் பேசி ஆலோசனை கேட்கும் ஏற்பாடும் பல நிறுவனங்களில் உண்டு. எங்கே இறங்குவது என்று முடிவெடுப்பவர் கேப்டன்தான்.

"விமானத்தில் டாக்டர் யாராவது இருக்கிறீர்களா?" என்ற அறிவிப்புக்கு எழுந்து போனவர்களில் தமிழிசை சௌந்தரராஜனும் ஒருவர். 2022 ஜூலையில், தெலங்கானா ஆளுநராக இருந்தபோது, டெல்லியிலிருந்து ஹைதராபாத் வந்த விமானத்தில் ஒரு பயணிக்கு முதலுதவி செய்தார். ஆளுநராக இருந்தாலும் அவர் மகப்பேறு மருத்துவர் அல்லவா!

அமெரிக்காவில் பிள்ளை வீட்டுக்குப் போகும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. மாத்திரை, இன்சுலின், ஆஸ்துமா இன்ஹேலர் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். சரக்கறைக்குப் போன பெட்டியை நடுவானில் யாரும் எடுத்துத் தர முடியாது. அங்கே உறைந்தால் இன்சுலின் கெட்டும் போகும். மருந்தின் பெயர் தெளிவாக அச்சிட்ட டாக்டர் சீட்டு ஒன்றும் வேண்டும். சர்க்கரை இறங்கினால் வாயில் போட மிட்டாய் வைத்திருங்கள். உட்கார்ந்த இடத்திலேயே கணுக்காலை ஆட்டுங்கள். அவ்வப்போது எழுந்து நடங்கள்.

இன்னொன்று. நோயாளி இருக்கும் விமானம் தரையிறங்கியதும், மருத்துவக் குழு முதலில் உள்ளே வர வேண்டும். சக்கரம் தரையைத் தொட்ட மறுகணமே எழுந்து பெட்டியை இறக்கி நடைபாதையை அடைத்துக்கொள்கிறோமே, அந்த ஒரு நாளாவது நோயாளியை இறக்கும்வரை உட்கார்ந்திருங்கள்.