'வா' எப்படி 'வருகிறேன்' ஆனது?



மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "நான் பள்ளிக்கு வாகிறேன்" என்று எழுதிவிட்டாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். இரண்டு வாரம் அந்தப் பிள்ளை வாயே திறக்கவில்லை.

பிறகுதான் யோசித்தேன். செய் - செய்கிறேன், பாடு - பாடுகிறேன் என்றால், வா - வாகிறேன்தானே? பிள்ளை விதியைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறாள். 'வா', 'தா' போன்ற சொற்கள்தாம் விதிக்கு அடங்காமல் 'வருகிறேன்', 'தருகிறேன்' என்று மாறுகின்றன.

மலாயில் யார் வந்தாலும் 'டாத்தாங்'தான். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியரின் மொழியிலோ, ஆளுக்கு ஏற்ப வினை மாறும். ஆனால் அதிலிருந்து பிறந்து, இன்றும் உஜோங் பாசிரில் பேசப்படும் கிறிஸ்தாங்கில், யார் போனாலும் 'பாய்'தான். ஸ்பானிய மொழி நம்மைப் போல: 'ஈர்' என்றால் போதல், 'நான் போகிறேன்' என்பதற்கோ 'வோய்' என்று எழுதுவார்கள். காதுக்கு நம் 'போய்' போலவே கேட்கும்!

தினமும் புழங்கும் சொற்களே இப்படிக் கோணுகின்றன. அவை மனப்பாடத்தால் வருவதில்லை. பேசிப் பேசித்தான் வரும். ஆகவே, பிள்ளை தவறினால் சிரிக்காதீர்கள். "ஆமாம்மா, நீ வருகிறாய்" என்று சரியான சொல்லைத் திருப்பிச் சொல்லுங்கள், போதும்.

அந்தப் பிள்ளையிடம் நான் பிந்தித்தான் இதைச் சொன்னேன். இப்போது வாய் ஓயாமல் பேசுகிறாள்.